பிரிக்காத கடைசி மடிப்பு

பாலக்கரை, திருச்சி
12-10-1965, செவ்வாய் இரவு

அன்புள்ள அண்ணன் தர்மராஜுக்கு, அம்மா வீரம்மாள் சொல்லச் சொல்ல உங்கள் தங்கை அமிர்தம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிரிலும் நீங்கள் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று சமயபுரத்தாளுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறாள் அம்மா. எப்போதும் அப்பா சொல்லித்தான் எழுதுவேன், இது மட்டும் அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுவது. அவர் முன்பக்கம் தூங்குகிறார். அம்மா கதவை ஒட்டி உட்கார்ந்து அவர் இருமுகிறாரா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். பயத்தில் எழுத்து கோணலாகப் போகிறது, மன்னியுங்கள்.

அண்ணா, நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். எல்லையில் நடந்த சண்டையால் தபால் நின்று, உங்கள் கடிதம் போன மாதக் கடைசியில்தான் வந்தது. அன்றைக்குப் பார்த்து வையம்பட்டி அம்மாசி மாமா வீட்டில் இருந்தார். அப்பாவும் அவரும் மணப்பாறைச் சந்தையில் எத்தனை ஜோடி மாட்டுக்குத் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசியிருப்பார்கள், உங்களுக்குத் தெரியும். அவர் மகன் அடைக்கலத்துக்கு என்னைக் கேட்க வந்திருந்தார். சிரித்துக்கொண்டே, "பொண்ணு விஷயத்துக்குத் துண்டு வேணாம் தரகரே, வெளிப்படையாவே பேசிருவோம், உங்க மகன் சீமையில வேலையில உக்காந்ததும் எங்க பயலையும் கூப்பிட்டுக்கணும், வேற எதுவும் நாங்க கேக்கல" என்றார். அந்த நேரத்தில்தான் தபால்காரர் வந்தார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை, "படி புள்ள, மாமாவும் கேக்கட்டும், சத்தமாப் படி" என்றார்.

முதல் மடிப்பில் நீங்கள் இஞ்சினியரிங் பாஸ் செய்ததை எழுதியிருந்தீர்கள், படித்தேன். இரண்டாவது மடிப்பில்தான் புதுச் சட்டம் வந்தது. வெளிநாட்டாருக்கு வேலை பார்க்கக் கொடுக்கும் வவுச்சரைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டார்கள், பட்டம் வாங்கிய பிறகு இரண்டு வருஷம் வேலை பார்த்திருந்தால்தான் இஞ்சினியருக்குக் கிடைக்கும், வேலை தருவதாகச் சொன்ன கம்பெனியும் கையை விரித்துவிட்டது, மாணவர் அனுமதி டிசம்பரோடு முடிகிறது என்று இருந்தது. அதைச் சத்தமாகப் படிக்காமல் கண்ணாலேயே ஓட்டினேன். நிமிர்ந்தால் அப்பா சிரித்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மாமா முன்னால் அந்த முகம் விழுந்துபோவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் சேருகிறேன் என்று நானாகவே சொல்லிக் கடிதத்தை மடித்துவிட்டேன். அடுத்த நிமிஷம் மாமா அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். தை மாதம் கல்யாணமாம். என் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை மார்ச்சில். "பரீட்சை எங்க ஓடிப்போவுது" என்கிறார் அப்பா. அடைக்கலம் நல்லவர்தானாம், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் சொன்ன பொய்யை நம்பி அவர் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒருவர் வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்க வவுச்சர் என்ன மூக்கணாங்கயிறா?

அம்மா அன்றைக்கே என் கையைக் கவனித்திருக்கிறாள். நேற்று அடுப்படியில் மெதுவாகச் சொன்னாள், "எனக்கு எழுத்து தெரியாதுதான், ஆனா அந்த நீலக் கடுதாசி மூணா மடிஞ்சிருந்துச்சு, நீ கடைசி மடிப்பப் பிரிக்காமலே முடிச்சிட்டே. என் புள்ள அதுல என்ன எழுதியிருக்கான்?" நான் அழுதுவிட்டேன். அப்புறம் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்ததை எடுத்து முழுக்கப் படித்தேன். இரவு வகுப்பு ஒன்றில் பெயருக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம் அங்கேயே தங்கலாம், அதுவரை ஹோட்டலில் தட்டு கழுவலாம், அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தட்டு கழுவுறது கேவலமில்ல ராசா, ஆனா பொய்யா ஒரு எடத்துல ஒக்காந்து போலீசு வருமோன்னு நீ பயந்துக்கிட்டுச் சாப்பிட வேணாம். வந்துரு."

அண்ணா, வந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டு லூர்து அண்ணன் கைலாசபுரத்துப் பக்கம் வந்திருக்கும் புது பாய்லர் தொழிற்சாலையில் வெல்டராக இருக்கிறார். அங்கே இஞ்சினியர்கள் எடுக்கிறார்களாம். "வரச் சொல்லு தங்கச்சி, இங்க ஓடுற மிஷினும் அதே மிஷின்தான்" என்கிறார். சீமையில் கேட்கிற இரண்டு வருஷத்தை இங்கேயே வேலை பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு வவுச்சர் கேட்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யலாம், சட்டமும் அதற்குள் இன்னொரு தடவை மாறலாம். இந்த ஏர்மெயில் கடுதாசிக்குள் எதையும் வைக்கக் கூடாதாம், தொழிற்சாலை விண்ணப்பப் பாரத்தைத் தனிக் கவரில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள்.

நாளை புதன்கிழமை. அப்பா சந்தைக்குக் கிளம்புவதற்குள் உங்கள் கடிதத்தை அவர் முன்னால் முழுக்கப் படிக்கப் போகிறேன். அடி விழுந்தாலும் பரவாயில்லை. பக்கத்தில் நிற்பதாக அம்மா சொல்லியிருக்கிறாள்.

அம்மா உங்கள் தலையைத் தொட்டு ஆசீர்வதிப்பதாக எழுதச் சொன்னாள். எண்ணெய் கிடைக்காவிட்டாலும் வெந்நீரில் குளிக்க வேண்டுமாம், ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாதாம். நான் ஒன்று கேட்கிறேன். இனி நல்லதோ கெட்டதோ முதல் மடிப்பிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
வீரம்மாள் (கைநாட்டு)
எழுதியவள் அமிர்தம்

புதன் காலை. படித்துவிட்டேன், தொழிற்சாலைப் பாரத்தையும் காட்டினேன். அப்பா அடிக்கவில்லை. அந்த இரண்டு வருஷ விஷயத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார். "அன்னைக்கே படிச்சிருக்கலாம்ல புள்ள" என்றார். அதற்கு அடியே வாங்கியிருக்கலாம். அம்மா, "பரீட்சை முடியாம இவளுக்குக் கல்யாணம் இல்ல" என்றாள். அப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அம்மாசிகிட்ட நானே சொல்லிக்கிறேன், வேற வாயால அவன் கேக்கக் கூடாது" என்று பஸ்ஸுக்குப் போயிருக்கிறார். தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து, அந்தப் பாரத்துக்குத் தபால்தலை ஒட்டிவிட்டாயா என்று கேட்டார்.