நடைபாதைக்கு வைத்த நாலு இஞ்ச்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேலைக்குப் போய் வந்துகொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். எங்கள் சௌக்கியத்தை எப்போதும் முதல் வரியிலேயே எழுதிவிடுவேன், இந்தத் தடவை அதைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். போனில் சொல்ல வாய் வராததால்தான் பேனாவை எடுத்தேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி.

தையல் கடையை விட்ட பிறகு வீட்டில் உட்கார்ந்து அம்மாவை நச்சரிக்காமல் ஏதாவது வேலையில் இறங்குங்கள் என்று நீதானே சொன்னாய், இறங்கிவிட்டேன். பல்கலைக்கழகமும் மாநகராட்சியும் இங்குள்ள நடப்போர் சங்கமும் சேர்ந்து நடைபாதைகளுக்காக ஒரு கொள்கை எழுதுகிறார்கள், அதில் நானும் ஒரு ஆள். நிலைத்த வளர்ச்சி என்று தலைப்பில் போட்டிருந்தது, அப்படியென்றால் என்னம்மா என்று ஆய்வு மாணவியைக் கேட்டேன். ஜனங்க நடந்தே போக முடிஞ்சா வண்டி குறையும், புகை குறையும், நாளைக்கு வர்றவங்களுக்கும் மூச்சு விட இடம் இருக்கும், நீங்க துணியை வீணாக்காம வெட்டுற மாதிரிதான் ஐயா என்றாள். என் தொழிலை யாரோ அவள் காதில் போட்டிருக்கிறார்கள். இந்த மூன்று தரப்பும் ஒரே மேஜையில் உட்காருவதைப் பார்க்க எனக்கு வேடிக்கை தீரவே இல்லை. எதைச் சொன்னாலும் மாணவி அதற்கு அளவு இருக்கிறதா என்பாள், மாநகராட்சி இன்ஜினியர் அதற்கு உத்தரவு இருக்கிறதா என்பார், சங்கத்துச் செயலாளரான பழைய நர்ஸம்மா இரண்டையும் கேட்டுவிட்டு சரி எப்ப செய்வீங்க என்பார். இப்படி மூன்று பேரும் மூன்று பக்கம் இழுத்தால் ஒரு பக்கமாவது எழுதி முடிப்பார்களா என்று நினைத்தேன், எப்படியோ முடித்துவிடுகிறார்கள். இன்ஜினியருக்குச் சட்டைக் காலர் அரை இஞ்ச் சின்னது, அவருடைய சிடுசிடுப்புக்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

டேப் பிடிக்கத் தெரிந்தவர் என்று ஆறு தெருக்களின் நடைபாதையை அளக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு தெருவிலும் எந்த இடம் ரொம்பக் குறுகல் என்று பார்த்து எழுத வேண்டும், அது இருபத்தெட்டு இஞ்சுக்குக் குறைந்தால் அந்தத் தெரு முதலில் சரிசெய்யும் பட்டியலில் சேரும். நம் தெருவில் மின்கம்பத்துக்கும் அச்சகத்துச் சுவருக்கும் நடுவில்தான் நெருக்கடி, அங்கே இருபத்தொன்பது என்று எழுதினேன். வரைவு அறிக்கை வந்தது, நம் தெருவுக்கு அகலம் போதும் என்று போட்டிருந்தது. என் அளவு அச்சில் வந்துவிட்ட பெருமையில் அம்மாவுக்கு அதை இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தக் கம்பத்துக்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போங்க என்றாள். தள்ளிக்கொண்டு போனேன், சக்கர நாற்காலி கம்பத்துக்கும் சுவருக்கும் இடையில் நுழையாமல் முட்டிக்கொண்டு நின்றது. சக்கர நாற்காலியா என்று நீ இந்த இடத்தில் நிறுத்தியிருப்பாய், கொஞ்சம் பொறு கண்ணு, அதற்குத்தான் வருகிறேன். என்னங்க, நாற்காலி இருபத்தாறு, உங்க நோட்டு இருபத்தொன்பது, மீதி மூணு இஞ்ச் எங்க போச்சு என்று கேட்டாள். டேப்பை வைத்துப் பார்த்தேன், சரியாக இருபத்தைந்து.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் என்றைக்காவது உடம்பளவை நோட்டில் எழுதியிருக்கிறேனா, லூஸ் சேர்த்துத் தைக்க வேண்டிய அளவைத்தானே எழுதுவேன், முப்பத்தெட்டு மார்புக்கு நாற்பத்திரண்டு. கண் பார்த்தது ஒன்று, கை எழுதியது ஒன்று, முப்பத்தைந்து வருஷப் பழக்கம் என்னைக் கேட்காமலே நடைபாதைக்கும் நாலு இஞ்ச் லூஸ் வைத்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் எழுந்து அதை அப்படியே சொன்னேன். அறிக்கை மேலிடத்துக்குப் போயாச்சே என்று இன்ஜினியர் தலையில் கை வைத்தார், எல்லாத்துலயும் நாலைக் கழிச்சிட்டாப் போச்சு என்றார் நர்ஸம்மா. மாணவி மட்டும் கோபப்படாமல், எல்லா இடத்துலயும் நாலுதான் வெச்சீங்களா என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன், அகலமான இடத்துக்குத் தடித்த ஆளுக்கு வைப்பதுபோல் கூடுதலாகத்தான் வைத்திருப்பேன். அதை ஏதோ புதையல் கிடைத்த மாதிரி எழுதிக்கொண்டாள், அளக்குறவங்க கையையும் நாங்க சோதிச்சிருக்கணும், தப்பு எங்க மேலயும் இருக்கு என்றாள். ஆறு தெருவையும் திரும்ப அளப்பது என்று முடிவானது. இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார்கள், என் வீட்டுக்காரி என்றேன், அவங்களைக் கூட்டிட்டு வரலாமே என்றார்கள், மீட்டிங் மாடியில நடக்குதே என்றேன். நடப்பதைப் பற்றி மூன்று மாதம் பேசிய அறைக்குப் படியேறித்தான் வர வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது. அதற்கடுத்த கூட்டத்தைக் கீழே ஃபைல்கள் அடுக்கிய அறையில் வைத்தார்கள், இன்ஜினியர் தன் கையாலேயே பெஞ்சை நகர்த்தி அம்மாவுக்கு வழி விட்டார். கம்பத்தைத் தாண்டினா நாற்பதடியில வாசகசாலை, ஆறு மாசமா நான் போகல என்று மட்டும் அம்மா சொன்னாள். நம் தெரு முதல் பட்டியலுக்கு வந்துவிட்டது. கம்பத்தை இந்த வருஷத்துக்குள் தள்ளி நடுவோம் என்கிறார்கள், தேதி கொடுக்கவில்லை.

இப்போது எங்கள் சௌக்கியம். அம்மா விழுந்த பிறகு கைத்தடியோடு தெருமுனை வரை போய் வருகிறாள் என்று உனக்கு மூன்று கடிதம் எழுதினேன், அது அத்தனையும் நான் வைத்த லூஸ். போனில் முகம் மட்டும்தானே தெரியும், அந்த வசதியில் நாங்கள் இரண்டு பேரும் ஒளிந்துகொண்டோம். அவள் இந்த ஆறு மாதத்தில் ஒரு அடி நடக்கவில்லை. பிடித்துக்கொண்டு நிற்க வைக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார், நடப்பதைப் பற்றி உறுதி சொல்ல மாட்டேன் என்கிறார். நீ தொலைவில் இருந்து தவிக்கக் கூடாது என்றுதான் மறைத்தேன், அது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் என்று இப்போது தெரிகிறது. என்னை மன்னித்துவிடு. ஆனால் அவள் முகம் தெளிவாக இருக்கிறது, தினமும் என்னைக் கேலி செய்கிறாள், இதில் லூஸ் இல்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் வாழ வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. குளிருக்குக் கோட்டு தைத்து அனுப்புகிறேன், உன் உடம்பளவை அனுப்பு. மறக்காமல் பதிலும் எழுது. இங்கே எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நீ எழுதுகிறாயே, அதைக் காட்டி, அவளும் உங்க பொண்ணுதானே, அதில எத்தனை இஞ்ச் சேர்த்திருக்கான்னு கேளுங்க என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள்.

பதிலை எதிர்பார்த்து,
உன் அப்பா