நடுப்புள்ளியில் ஒரு ஓட்டை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும், புதிதாக அப்பாவின் வலது கண்ணும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஃபோனில் சொன்னேனே தவிர எப்படி அதுவரை வந்தது என்று சொல்லவில்லை, சொல்லவும் வழியில்லை, நீ கூப்பிட்டதும் அப்பா ஸ்பீக்கரைப் போட்டு மடியில் வைத்துக்கொள்கிறார். அதனால்தான் கடிதம். படித்துவிட்டு ஃபோனில் எதையும் உளறிவைக்காதே.

அவருடைய துப்பாக்கி கிளப்பை நீ பார்த்ததில்லை, பார்க்காததால் உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கு, தகரக் கூரை, இந்தக் கோடியில் நாலு மேசை, அந்தக் கோடியில் பலகையில் குத்திய அட்டைகள், நடுவில் பத்து மீட்டர் காலி இடம். சனிக்கிழமைதோறும் ரிட்டயரானவர்களும் ரிட்டயராகப் போகிறவர்களும் கூடி ஏர் ரைஃபிளால் அந்த அட்டைகளைச் சுடுகிறார்கள், அதாவது அட்டைகள் இருக்கும் திசையில் சுடுகிறார்கள். அப்பா மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஓரிரு முறை போயிருக்கிறேன். அட்டையை அடிப்பதுதான் விளையாட்டு என்று நினைத்தேன், அடிக்காததற்குக் காரணம் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. ஜன்னலைச் சாத்திய கிடங்கில் ஒருவர் காற்று என்கிறார். இன்னொருவர் டீ ஸ்ட்ராங்காகிவிட்டது, நெஞ்சு படபடக்கிறது என்கிறார். வெறும் ஒரு ஓட்டையோடு வந்த அட்டையைத் தூக்கிக் காட்டி, மிச்சக் குண்டுகளும் அதே ஓட்டை வழியாகப் போய்விட்டன என்று சத்தியம் செய்தவரும் உண்டு. காரணங்கள் தீர்ந்தால் ஜோக்குகள். கிளப் செகரட்டரி இரும்புக்கடை வைத்திருப்பவர், கடை மேஜையில் பில், ரசீது, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் ஒரே கம்பியில் குத்தி வைப்பாரே, அவர்தான். அப்பா துப்பாக்கியை எடுத்தாலே, "சார் சுடட்டும், நான் போய் அட்டைக்கு முன்னாடி நின்னுக்கறேன், அதான் பத்திரமான இடம்" என்பார். வாராவாரம் இதே வாக்கியம், வாராவாரம் அன்றுதான் கேட்டதுபோல் சிரிப்பு. ஒரே நாவலை வருஷா வருஷம் எடுத்துப்போய் முடிவு தெரியாதவர்போல் வாசிக்கும் ஆட்களை நூலகத்தில் நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் எவ்வளவோ தேவலை. வேலையில் இருந்தவரை ஊரார் நிலத்தையெல்லாம் நூல் பிடித்தாற்போல் அளந்து கொடுத்த சர்வேயருக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் 'சமாதானத் தூதர்', அவர் சுட்ட அட்டை காயமில்லாமல் திரும்பி வருவதால்.

அவருக்கென்று பெருமை சொல்ல இருந்தது கூடத்தில் மாட்டியிருக்கும் அந்த ஒரு அட்டைதான், நீ அங்கிருந்து அனுப்பிய கண்ணாடிச் சட்டத்துக்குள், கறுப்பு வட்டத்தின் நட்டநடுவில் ஒரே ஒரு ஓட்டை. ஒரு மழை நாளில் அட்டைகளைச் செகரட்டரி கடைக்கு வாரிக்கொண்டு போக, மறுநாள் அப்பா போய்த் தன் பெயர் எழுதியதைத் தேடி எடுத்துவந்தார். கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் முதல் உன் மாமனார்வரை அதைப் பார்க்காமல் இந்த வீட்டைவிட்டுப் போனவர் கிடையாது.

இனி கண் விஷயம். இடது கண் சின்ன வயதில் பந்து பட்டதிலிருந்து பேருக்குத்தான் இருக்கிறது, வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் சிக்கலாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே கண்ணுக்கென்று இருப்பது அந்த ஒரு டாக்டர்தான், அவரும் அதே கிளப். அவருக்கு அங்கே பெயர் 'தூறல்', குண்டுகள் அட்டையில் ஒன்று, பலகையில் ஒன்று, சுவரில் ஒன்று என்று பரவலாக விழும். இதுதான் வினையாகப் போயிற்று. "பத்து மீட்டர்ல தட்டு சைஸ் அட்டையை அடிக்கத் தெரியாதவன் அரிசி சைஸ் லென்ஸை எங்கே கொண்டுபோய் வைப்பானோ, நான் மாட்டேன்" என்று அப்பா உட்கார்ந்துவிட்டார். நீ ஃபோனில் அழுததெல்லாம் வீண். ஒரு நாள் காலை என் கைப்பை என்று நினைத்துப் பூனையை எடுத்து நீட்டினார், அப்போதும் கேட்டால் கண் நன்றாகத்தான் இருக்கிறதாம். நானே டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால், "அவர் பயப்படறது நியாயம்தாம்மா. கண்ணு பத்து மீட்டர் தள்ளி இருந்தா நானும் ஒத்துக்க மாட்டேன். கைக்குப் பக்கத்துலயே இருக்கறதால சமாளிச்சுடுவேன்" என்றார். இது நகைச்சுவையா உறுதிமொழியா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

கடைசியில் அப்பாவை வழிக்குக் கொண்டுவந்தது நீயுமில்லை நானுமில்லை, ஒரு ஃபிளாஸ்க். செகரட்டரி தன் டீ ஃபிளாஸ்க்கை அட்டைப் பலகைக்கு வெகுதூரம் தள்ளிச் சுவர் மாடத்தில் வைத்திருக்கிறார், அப்பா குறிபார்த்துச் சுட்டார், ஃபிளாஸ்க் ஒழுகிற்று. அத்தனை நாள் அவர் கண்ணை வைத்துச் சிரித்த மனிதர் ஃபிளாஸ்க் என்றதும் சிரிப்பதை நிறுத்திவிட்டார். கண்ணைச் சரிபண்ணிக்கொண்டு டாக்டர் சர்டிபிகேட்டோடு வந்தால்தான் துப்பாக்கி என்று தீர்ப்பு. பெற்ற மகளின் கண்ணீருக்கு அசையாதவர் சனிக்கிழமை பறிபோகிறது என்றதும் பையில் துண்டை வைத்துக்கொண்டு, "எப்பப் போகணும்?" என்று வாசலில் நின்றார். ஆபரேஷன் அறைக்குள் போகும்போது டாக்டரின் கையை இவர் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு டீ குடிக்கலையே?" என்று கேட்டாராம்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார், சுவரில் இருக்கும் விரிசல், என் நரை, எல்லாம். அட்டைக்கு முன்னால் நின்றவர் நகரவேயில்லை. குண்டு துளைத்த ஓட்டை பட்டாணி அளவில் வட்டமாக இருக்கும், இது ஊசி பருமன், விளிம்பு முன்பக்கமாகப் பிதுங்கி நிற்கிறது, கடைக் கம்பியில் குத்திய ஓட்டை. தூசி தட்டுகிற எனக்கு அது முதல் நாளே தெரியும். தன் ஆயுளில் ஒரே ஒரு முறை ஜெயித்த மனிதரிடம் போய், ஜெயித்தது இரும்புக்கடைக் கம்பி என்று சொல்வானேன் என்று விட்டுவிட்டேன். "உனக்குத் தெரியுமா?" என்றார். "கிளப்புக்கே தெரியும்" என்றேன். அன்று அவர் சாப்பிடவில்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு வந்த சனிக்கிழமை கிளப்புக்குப் போனார், புதுக் கண் என்பதால் துணைக்கு நானும் போனேன். சுட்டார். அட்டை வழக்கம்போல் பத்திரமாகத் திரும்பி வந்தது. செகரட்டரி ஆவலாக, "என்ன சார், காத்தா, லென்ஸா?" என்று ஆரம்பித்தார். அப்பா துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, "காத்தும் இல்ல, லென்ஸும் இல்லப்பா. அட்டை பளிச்சுன்னு தெரியுது. எனக்குச் சுட வராது, அவ்வளவுதான்" என்றார். இதற்கு அவர்களிடம் ஜோக் இல்லை. எல்லோரும் தங்கள் தங்கள் அட்டையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார்கள், டாக்டர் மட்டும், இப்படியெல்லாம் பேசக்கூடாது சார் என்று கெஞ்சுவதுபோல் சொன்னார். அடுத்த சனிக்கிழமையும் அப்பா போனார், போவார், அதில் எனக்குச் சந்தேகமேயில்லை.

அட்டையை அவரே கழற்றி அலமாரியில் போட்டுவிட்டார், நீ அனுப்பிய சட்டம் வெறுமனே தொங்குகிறது. போன வாரம் வீடியோவில் உன்னைப் பார்த்துவிட்டு, "ஏண்டி இவ இப்படி இளைச்சுட்டா?" என்றார், நான் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பதை. வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கு. மாப்பிள்ளையிடம் முதுகு வலிக்கு நாற்காலியை மாற்றச் சொல். இருவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ எங்கள் ஆசிகள். உன் முகம் பெரிதாகத் தெரிகிற மாதிரி ஒரு படம், அந்தச் சட்டத்தின் அளவுக்கு, மறக்காமல் அனுப்பு, அப்பா இப்போதே தபால்காரரை எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டார். சட்டத்தின் ஆணி லேசாக ஆடுகிறது. தானே அடிக்கிறேன் என்கிறார். வேண்டாம், நான் அடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா