வெள்ளரிக் கொடியில் உருளைக்கிழங்கு வண்டு

லோசேன், பல்கேரியா
மே 19, 2004

என் கிங்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ அங்கே இத்தாலியில வேளாவேளைக்குச் சாப்பிடுறியா? உன் சம்பாத்தியத்துல கூரை மாத்தியாச்சு. மழை பெஞ்சா இனிப் பாத்திரம் வைக்க வேண்டாம்.

ஆனா உன் குடைமிளகாய்ச் செடி முழுக்க அசுவினிப் பூச்சி. இலையைத் திருப்பினா மொய்க்குது. கடைக்காரன் நீல டப்பா மருந்து தர்றேங்கிறான். "என் மண்ணுல விஷம் விழுந்தா உன்னை வீட்டுக்குள்ள விடமாட்டேன்"னு நீ சொல்லிட்டுப் போனது காதுலயே இருக்கு. என்ன செய்யட்டும்? எனக்குத் தெரிஞ்சது டிராக்டர்தான்.

வெல்கோ


பொலோன்யா
மே 30

என் முரட்டு வெல்கோவுக்கு அன்பு முத்தம்.

நல்லவேளை, கேட்டே. வேலியோரம் மண்டிக் கிடக்கிற, தொட்டாலே அரிக்கிற காஞ்சொறிச் செடியை வெட்டி மழைத்தண்ணியில ஊறப்போடு. இரும்பு வாளி ஆகாது, பிளாஸ்டிக் வாளி எடு. தினமும் கிளறு. நுரை அடங்கினதும் நிறையத் தண்ணி கலந்து, துளி சோப்பு கரைச்சு, வெயில் தாழ்ந்த பிறகு இலைக்கு அடியில தெளி. மேலாக்கத் தெளிச்சுட்டு வேலை முடிஞ்சதுன்னு போயிடாதே. உன்னைத் தெரியாதா எனக்கு? கையுறை போட்டுக்கோ.

நான் பாத்துக்கிற ஒர்னெல்லா அம்மா இப்ப நான் ஊட்டினாத்தான் சாப்பிடுறாங்க. குளிர்காலமும் இருந்துடுங்கன்னு அவங்க மகன் கேட்கிறார். ஆகஸ்ட் முடியறதுக்குள்ள பதில் சொல்லணும். நீ என்ன சொல்றே?

உன் கிங்கா


லோசேன்
ஜூலை 11

என் கிங்காவுக்கு,

அடேயப்பா, உன் காஞ்சொறித் தண்ணி நாத்தம்! நம்ம வீட்டைத் தாண்டும்போது பாதிரியார் ஒரு கையால மூக்கைப் பொத்திக்கிட்டு மறுகையால சிலுவை போட்டுக்கிறார். பக்கத்து வீட்டு ரூசா வேலிக்கு மேலே எட்டிப் பாத்து, "வெல்கோ, உள்ளே யாராவது செத்துக் கிடக்கிறாங்களா?"ங்கிறா.

அது போகட்டும். இப்பப் புதுசா ஒரு சனியன். வெள்ளரிக் கொடியில உருளைக்கிழங்கு வண்டு! மேஞ்சு தீர்க்குது. மருந்து என்னன்னு விவரமா எழுது. நீளமாவே எழுது.

குளிர்காலத்தைப் பத்திக் கேட்டிருந்தே. உன் இஷ்டம். செப்டம்பர்ல தெருவே வாசல்ல அடுப்பு மூட்டி, மிளகாய் சுட்டுத் தொக்கு கிண்டும். நம்ம வாசல்ல மட்டும் அடுப்பு எரியலைன்னா குடியா முழுகிடும்? நான் ஒண்ணும் சொல்லலை. வண்டுக்குச் சீக்கிரம் பதில் போடு.

வெல்கோ


பொலோன்யா
ஜூலை 24

வெல்கோ,

வெள்ளரியில உருளை வண்டா! நான் சிரிச்ச சிரிப்புல தூங்கிட்டிருந்த ஒர்னெல்லா அம்மா முழிச்சுட்டாங்க. அது வெள்ளரியைத் திரும்பிக்கூடப் பாக்காது, மனுஷா. கத்திரிச் செடின்னு எழுதியிருந்தா நம்பித் தொலைச்சிருப்பேன்.

ரூசாவுக்கு போன் பண்ணினேன். உனக்குப் பண்ணி என்ன பிரயோஜனம்? "ம்"முக்கு மேல வாய் திறக்க மாட்டே. அவ சொன்னா: "பூச்சி பொட்டு ஒண்ணும் இல்லடி, அசுவினி எப்பவோ ஒழிஞ்சுபோச்சு. உன் வீட்டுக்காரர் மட்டும் அந்த வாளியைக் கிளறிக்கிட்டு ரோட்டையே பாத்துட்டு உட்காந்திருக்கார்." தபால்காரர் வர்ற ரோடு.

அதைக் கேட்டதும் சிரிப்பு நின்னுடுச்சு. அழுதுட்டேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீ எதையாவது நேரா கேட்டிருக்கியா? கூரைக்காகத்தான் வந்தேன், கூரை போட்டாச்சு. எனக்கும் வீட்டு ஞாபகமாவே இருக்கு. ஆனா "உன் இஷ்டம்"ங்கிற வீட்டுக்கு நான் எப்படித் திரும்பி வருவேன்? வண்டை விட்டுட்டு ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லு. அதுவரைக்கும் அவங்க மகனுக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

கிங்கா


லோசேன்
ஆகஸ்ட் 3

கிங்கா,

வந்துடு. நீ இல்லாம எனக்கு முடியலை.

வெல்கோ

பி.கு.: தக்காளியில இப்ப நிஜமாவே வெள்ளை ஈ. வேணும்னா ரூசாவைக் கேட்டுக்கோ. ஆனா மருந்து எழுதிட்டு உட்காந்திருக்காதே. பதிலும் போட வேண்டாம். பஸ் ஏறு.