சத்தம் வைக்காமல் பார்த்த கிறிஸ்துமஸ் படம்

அன்பு மச்சான் சவரிமுத்து,

நீ போன பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டது. செம்மண்டலத்தில் உன் வீட்டில் நடந்ததை நான் சொல்லாமல் வேறு யார் உனக்குச் சொல்வார்?

டிசம்பர் பிறந்ததுமே லூர்து போன் செய்தாள். "அண்ணே, இந்த வருஷம் வராதீங்க. ஸ்டார் கட்டல, பலகாரம் சுடல, படமும் கெடையாது. அவுரு இல்லாம என்னாத்துக்கு?"

துக்க வீட்டில் அந்த வருடம் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. எனக்கும் தெரியும். ஆனால் அவள் குரலில் இருந்தது ஒரு வருடத்துப் பேச்சாக இல்லை. சில பழக்கங்கள் ஒருமுறை விட்டால் திரும்ப வராது. ஒரு வாரம் மட்டம் போட்ட பையன் மறுவாரம் பள்ளிக்கூட வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போவானே, அந்த மாதிரி.

தனத்திடம் சொன்னேன். "அவுங்க சுடக் கூடாதுன்னா நாம சுட்டு எடுத்துட்டுப் போவணும். அதுதான முறை?" என்றாள் உன் தங்கச்சி. முறுக்கும் அதிரசமும் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு சிதம்பரத்தில் பஸ் ஏறினோம்.

வழியெல்லாம் நம் படங்களை நினைத்துக்கொண்டு வந்தேன். கிறிஸ்துமஸ் படங்கள் ஏன் பிடிக்கின்றன என்று கேட்டால் என்னிடம் எளிய பதில் ஒன்று உண்டு. வீட்டுக்கு வர வேண்டியவர் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவார். உதாரணத்துக்கு, அந்த ஆட்டுக்குட்டிப் படம். பனியில் தொலைந்த குட்டியைத் தேடிப் போகும் கிழவர், கோபித்துக்கொண்டு போன தம்பியையும் சேர்த்தே கூட்டி வருவார். கேக் கடைப் படத்தில், அம்மா போட்டு வைத்த காலி நாற்காலியில் கடைசியில் மகள் வந்து உட்காருவாள். முடிவு முன்பே தெரியும். தெரிந்துதான் பார்க்கிறோம். படித்த கேள்வியே பரீட்சையில் வந்தால் பிள்ளைகள் முகம் எப்படி இருக்கும்? அந்தச் சந்தோஷம்தான்.

ஆனால் உன் வீட்டில் அந்தப் படங்கள் பிடித்ததற்குக் காரணம் அது மட்டும் இல்லை. லூர்துக்கும் தனத்துக்கும் இங்கிலீஷ் தெரியாது. பி.டி. வாத்தியாரான உனக்கும் பெரிதாக வராது. பிரியாணி சாப்பிட்டு முடித்ததும், டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எல்லாருக்கும் நீயே வசனம் பேசுவாய். பனியில் ரயில் நின்றுபோய், பயணிகள் ஒரு சின்ன ஸ்டேஷனில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவார்களே, அந்தப் படத்தில் ரயில் கார்டு வாயைத் திறந்தாலே பண்ருட்டி பஸ் கண்டக்டர் ஆகிவிடுவார். "உள்ள போ, உள்ள போ! பலாப்பழத்துக்குத் தனி டிக்கெட்டு!"

ஆங்கில ஆசிரியரான நான் பக்கத்தில் உட்கார்ந்து, "மச்சான், அவன் அப்படிச் சொல்லலடா" என்பேன்.

"உன் இங்கிலீஷ கிளாஸ்ல வச்சுக்க. இங்க நான்தான் டைரக்டரு" என்பாய்.

இந்த முறை கதவைத் திறந்த லூர்து தூக்கைப் பார்த்தாள். "வராதீங்கன்னு சொன்னா பலகாரத்தோட வர்றீங்களா?" என்றவள் ஒதுங்கி வழி விட்டாள். நான்கு பேர் உட்காரும் அந்தக் கூடத்தில் உன் நாற்காலியில் துணி மடித்து வைத்திருந்தாள். சாப்பிட்டோம். உன் மகள் தன்னோடு பெங்களூருக்கே வந்துவிடச் சொல்கிறாள் என்றாள் லூர்து.

தனம்தான் கேட்டாள். "அண்ணி, அந்த ரயில் படத்தப் போடுங்களேன்."

"துக்க வீட்டுல டிவி சத்தம் கேட்டா தெருவுல என்னா பேசுவாங்க?"

"சத்தம் வச்சாத்தான கேக்கும்? வைக்காதீங்க."

லூர்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் பென் டிரைவைச் செருகி, சத்தத்தை முழுக்க நிறுத்தினாள்.

படம் ஊமையாக ஓடியது. திரையில் ரயில் நின்றது, பனி கொட்டியது, ஆட்கள் வாயசைத்தார்கள். கார்டு வந்தார். எங்கள் மூவர் கண்ணும் உன் நாற்காலிப் பக்கம் போய்த் திரும்பின. அப்போது தாழ்ந்த குரலில் லூர்து சொன்னாள்: "உள்ள போ, உள்ள போ. பலாப்பழத்துக்குத் தனி டிக்கெட்டு."

அப்புறம் அவள் நிறுத்தவில்லை, மச்சான். ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி ஊற்றும் சூப்பை நீ சொல்கிற மாதிரியே ரசம் என்றாள். "புளி ஜாஸ்தி" என்று ஒரு பயணியைக் குறை சொல்லவும் வைத்தாள். இத்தனை வருடம் நீ பேசியது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். உனக்குத் தெரியுமா அது?

கடைசிக் காட்சி வந்தது. பனி விலகி ரயில் கிளம்புகிறது. வயதான ஸ்டேஷன் மாஸ்டர் கையசைக்கிறார். ஆங்கிலத்தில் அவர் சொல்வது நல்லபடியாகப் போய் வாருங்கள் என்பது மட்டும்தான். நீ கொடுத்த வசனம் வேறு. அதை லூர்து சொன்னாள்: "அடுத்த வருஷமும் பனி ஜாஸ்தியா கொட்டட்டும். அப்பத்தான நீங்கல்லாம் இங்க எறங்குவீங்க?"

சொல்லிவிட்டுத் திரையிலிருந்து பார்வையை எடுத்து எங்களைப் பார்த்தாள். "பனி கொட்டாட்டியும் வாங்கண்ணே" என்றாள். இது நீ எழுதாத வசனம்.

கிளம்பும்போது, உன் நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். பெங்களூர் பேச்சை அவள் எடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டில் ஸ்டார் கட்ட நான் ஏணியில் ஏறுகிறேன், தனம் ஏணியைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். படத்தில் அவன் அப்படிச் சொல்லவில்லை என்று இனி ஒருநாளும் வாயைத் திறக்க மாட்டேன்.

உன் தங்கச்சி புருஷன்,
கலியபெருமாள்
சிதம்பரம்