சுழி போடாத பக்கம்

உ

நியூ ஜெர்சி
30.01.2026, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் மதனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், மனசு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் ஓவியாவும் பாப்பாவும் அங்கே சான் ஹோசேயில் சுகமாக இருக்க முருகன் துணை. பாப்பாவுக்குக் காது குத்தின இடம் ஆறிவிட்டதா, தேங்காய் எண்ணெய் வைக்கச் சொன்னேனே, ஓவியா வைக்கிறாளா, தோட்டைத் திருகி விளையாட விடாதே. முருங்கைக்கீரைப் பொடி அரைத்து இதோடு பார்சலில் வைத்திருக்கிறேன். போனிலேயே சொல்லலாம், ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீ அப்பாகிட்ட குடும்மா என்பாய், அவர் ஒண்ணுமில்லப்பா என்று வைத்துவிடுவார். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்று பேர்தான், இதற்குள் நாலு முறை எழுந்து ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன், சூடாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கை நிற்கவில்லை.

அப்பா காதுகுத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருந்த அந்த ஐந்து நாளில் இங்கே ஒன்று நடந்துவிட்டது. நடந்துவிட்டது என்ன, நான் செய்தேன். இந்த பில்டிங்கில் முப்பத்தாறு வீட்டுக்கும் ஒரே பாய்லர், அதை அப்பா மாதிரி லைசென்ஸ் இருக்கிறவர்தான் பார்க்க வேண்டும், காலையும் மாலையும் கீழே போய் பிரஷரும் சூடும் பார்த்து லாக் புக்கில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். அப்பா இல்லாத நாளுக்குப் பக்கத்து பில்டிங் சாய்ராம் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவனுக்கும் லைசென்ஸ் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வந்தான், சனிக்கிழமை காலையும் வந்தான். மத்தியானம் பனி கொட்ட ஆரம்பித்ததும் போன் பண்ணி, ஆன்ட்டி, ரோடு க்ளோஸ் பண்ணிட்டாங்க, நீங்க கொஞ்சம் கேஜ் பார்த்து எழுதிடுங்க, நான் வந்து சைன் பண்ணிக்கிறேன் என்றான். நானும் சரி என்றேன். பாய்லர் ரூமுக்கு வெளிப்படி வழியாகத்தான் இறங்க வேண்டும், படி முழுக்க ஐஸ், என் முட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். பிரஷர் பதினைந்து, சூடு நூற்று எழுபது. அப்பாவின் புக்கைப் புரட்டினால் மாசம் முழுக்க அதே பதினைந்து, அதே நூற்று எழுபதுதான். நாளைக்கு மறுபடியும் இந்தப் படியில் இறங்க வேண்டுமே என்று நினைத்தேன். நாளுக்கு ஒரு பக்கம் இல்லையா, ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திருப்பி, காலை பதினைந்து நூற்று எழுபது, மாலை பதினைந்து நூற்று எழுபது என்று சனிக்கிழமையே எழுதி, அப்பா கையெழுத்தாகப் போடுகிற மாதிரியே எஸ் என்று ஒரு எழுத்தும் போட்டுவிட்டேன். சாய்ராமுக்காக இடம் விட்டிருக்கலாம், அதுகூடத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கரண்ட் போனது, சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வந்தது. கரண்ட் வந்தால் பாய்லர் தானாகக் கிளம்பாதாம், ஒரு பட்டனைக் கையால் அமுக்க வேண்டுமாம். எனக்கு அது தெரியாது. நீ வாங்கிக் கொடுத்த கரண்ட் ஹீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாப்பா மாமன் மடியில் உட்கார்ந்து அழுகிற போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மூன்றாவது மாடி வான்மதி போன் பண்ணினாள். தெரியுமே, டிசம்பரில் குழந்தை பெற்றவள், இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஆன்ட்டி, ஹீட்டே வரல, பாய்லர் ஓடுதா என்று கேட்டாள். ஓடுது கண்ணு, பெரிய பாய்லர், சூடேற நேரமாகும் என்று சொன்னேன். பார்த்தவள் மாதிரி சொன்னேன் மதன்.

அவளும் வீட்டுக்காரரும் என் வார்த்தையை நம்பிக் காத்திருந்துவிட்டு, குழந்தைக்குக் குளிருமே என்று கேஸ் அடுப்புக்குக் கீழே இருக்கிற ஓவனைப் போட்டு அதன் கதவைத் திறந்துவைத்து, சமையலறையிலேயே படுத்துவிட்டார்கள். புகை அலாரம் பக்கத்தில் இன்னொன்று மாட்டியிருப்பார்களே, விஷவாயு வந்தால் கத்துமே, அது கத்தியிருக்கிறது. குழந்தையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடி, விடிகிற வரைக்கும் காரில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, டாக்டரும் பார்த்துவிட்டார், குழந்தை நன்றாக இருக்கிறது. அந்த அலாரத்தில் பேட்டரி தீர்ந்திருந்தால் என்று நான் யோசிக்க ஆரம்பித்தால் சோறு இறங்குவதில்லை. திங்கள் காலை சாய்ராம் வந்து பட்டனை அமுக்கினான். வான்மதியின் வீட்டுக்காரர் டவுன் ஆபீசில் கம்ப்ளெயிண்ட் கொடுத்தார். கொடுக்கத்தான் வேண்டும். நான் பூண்டுக் குழம்பு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. மறுநாள் பாத்திரம் கழுவி வாசலில் இருந்தது. எப்போதும் நாலு பிஸ்கட்டாவது போட்டுத்தான் திருப்பித் தருவாள், இந்த முறை வெறும் பாத்திரம்.

அப்பா செவ்வாய்க்கிழமை வந்தார். கரண்ட் போன கதையும் வான்மதி கதையும் சொன்னேன், புக் கதையை மட்டும் சொல்லவில்லை. வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று கடிதம் வந்ததும் புதன்கிழமை புக்கை மேலே எடுத்துவந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையில் நின்றுவிட்டார். எழுத்தைப் பார்த்து இல்லை, என் எழுத்தும் அவர் எழுத்தும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்பா ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி போடுவார் இல்லையா, சத்தியமங்கலம் மில்லில் இருந்த நாளிலிருந்து பழக்கம். சனிக்கிழமைப் பக்கத்தில் நானும் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் போடவில்லை. வேண்டுமென்று விடவில்லை, போட மறந்தேனா, போடக் கை வரவில்லையா, எனக்கே தெரியவில்லை. ஞாயித்துக்கெழம கீழ போனியா என்று கேட்டார். போகலீங்க என்றேன். அவ்வளவுதான், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் சாய்ராம் வந்தான். அங்கிள், ஒரு பக்கம்தானே, அதைக் கிழிச்சிட்டு, கரண்ட் போச்சு, பாய்லர் நின்னுச்சுன்னு புதுசா எழுதிடுங்க, நான் வந்து பார்த்ததா சைன் பண்றேன், இல்லேன்னா உங்க லைசென்ஸ் போயிடும் என்றான். நல்ல பையன், தன் லைசென்ஸையும் சேர்த்துத்தான் பணயம் வைக்கிறான். நானும் மனசுக்குள் சரி என்று சொல்லிவிடுங்கள் என்றுதான் வேண்டிக்கொண்டேன், உன்னிடம் மறைப்பானேன். அப்பா வெள்ளைத் தாளை எடுத்தார், பேனாவைத் திறந்தார், தலையில் சுழி போட்டார். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. கொஞ்ச நேரம் அந்தச் சுழியையே பார்த்துவிட்டு மூடியைப் போட்டு மூடி, நீ வீட்டுக்குப் போப்பா, குளிரா இருக்கு என்று அவனை அனுப்பிவிட்டார்.

நேற்று இன்ஸ்பெக்டர் வந்தார். அப்பா, இந்தப் பக்கத்தில் என் எழுத்துதான் இருக்கிறது, பொறுப்பு என்னுடையது என்றார். ஊரில் இல்லாத மனுஷன் எப்படி எழுதுவார், நீ போட்ட காதுகுத்து போட்டோவைத்தான் பில்டிங்கே பார்த்ததே! நான் குறுக்கே போய் என் இங்கிலீஷில், ஐ ரோட் இட், சாட்டர்டே ரோட், சண்டே நாட் ஸீன் என்று சொன்னேன். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, எல்லாப் பக்கத்திலும் இருக்கிற இந்தக் குறி இதில் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார். அப்பா, எழுதுவதற்கு முன்னால் கடவுளைக் கூப்பிடுவது என்றார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நோட்டீஸ் அப்பா பேரில்தான் எழுதினார், அதுதான் சட்டமாம். அடுத்த மாசம் விசாரணை. அதுவரைக்கும் அப்பா பாய்லரைத் தொடக் கூடாது, வெளிக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து பார்க்கிறார். அவர் போன பிறகு நான் மூன்றாவது மாடிக்குப் போய் வான்மதியிடம், அன்று நான் பார்க்காமலே சொன்னேன் கண்ணு என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் அழுதாள், கதவைச் சாத்திக்கொண்டாள். அது அவள் நியாயம்.

அப்பாவைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. நேற்று சாயங்காலம் ஆறு மணி அடித்ததும் கோட்டைப் போட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனார். கைப்பிடியில் கை வைத்தபடி நின்றார். பிறகு திரும்பி வந்து கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார், டிவியைப் போடவே இல்லை. நீங்க திட்டுங்க என்றேன். எதுக்குத் திட்டறது, போய்ப் பார்த்தாலும் அதே பதினஞ்சுதானே இருக்கும்னு நீ நெனச்சே, நானும் எத்தனையோ நாள் அப்படி நெனச்சிருக்கேன், எழுதினதில்ல, அவ்வளவுதான் என்றார்.

உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான் சாமி. முதலில் உன் வீட்டில் அந்த அலாரத்தில் பேட்டரி இருக்கிறதா என்று நீயே ஸ்டூல் போட்டு ஏறி அமுக்கிப் பார், இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதே. சரி, ஒன்று என்று சொல்லி இரண்டு கேட்கிறேன். விசாரணை முடிகிற வரைக்கும் தினமும் எங்கள் ஆறு மணிக்கு அப்பாவைக் கூப்பிடு. உனக்கு மூன்று மணி, மீட்டிங் இருக்கும், இருந்தாலும் பத்து நிமிஷம் வெளியே வந்து பேசு. பாப்பாவைக் காட்டு, ஏதாவது ரிப்பேர் இருந்தால் வழி கேள், இல்லாவிட்டால் ஒன்றை உடைத்துவிட்டுக் கேள். அந்தப் பத்து நிமிஷம் அவர் கதவுப் பக்கம் போகாமல் இருந்தால் போதும்.

பாப்பாவுக்கு ஆயிரம் முத்தம், உனக்கும் ஓவியாவுக்கும் எங்கள் ஆசி, நோய் நொடி இல்லாமல் இருங்கள். இந்தக் கடிதத்தின் தலையில் சுழி போட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன், பார்த்திருப்பாய். இதில் நான் பார்க்காதது எதையும் எழுதவில்லை. இப்போது மணி ஐந்தே முக்கால், அப்பா கோட்டை எடுக்கிறார். பார்சல் வந்து சேரும் வரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை, இன்றைக்கு நானே உன்னைக் கூப்பிட்டுப் போனை அவர் கையில் கொடுக்கிறேன். எடு.

உன் அம்மா
மரகதம்