ஆற்றுத் தொட்டியில் ஒரு கை உப்பு

செவிலிமேடு,
காஞ்சிபுரம்.
கார்த்திகை, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மருமகள் காவேரிக்கு,

அத்தை காமாட்சியம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நான், உன் மாமா, உன் வீட்டுக்காரன் லோகேஷ் மூன்று பேரும் சௌக்கியம். ஜெர்மனியில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று லோகேஷ் சொன்னான். நான் கொடுத்தனுப்பிய கம்பளிச் சட்டை இன்னும் பெட்டியிலேதான் இருக்கும், எனக்குத் தெரியாதா. எடுத்துப் போட்டுக்கொள். நீ ஆராய்ச்சிக்குப் போயிருக்கிற அந்த அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் புட்டியில் இருக்கும் தவளைகள் உன் சட்டையைப் பார்த்துச் சிரிக்கப் போவதில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் அம்மா பேச்சை எடுத்தாலே "அப்புறம் பேசறேன் அத்தே" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தின் வாயை அப்படி அடைக்க முடியாது. எழுதியதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம் என்றால், லோகேஷ் முதலில் படித்துவிட்டு இதை அடி, அதை மாற்று என்பான். அதனால் தபாலில் வருகிறது. விஷயம் இதுதான். தொட்டியில் உப்பு விழுந்த நாளிலிருந்து நீ பொன்னியம்மாளோடு பேசவில்லை. பெற்ற தாயோடு மூன்று வாரமாகப் பேச்சு இல்லை. நீ பேச வேண்டும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இனி நிதானமாகப் படி.

முதலில் உன் தவளைகளின் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உனக்கு மற்றது எதுவும் மண்டையில் ஏறாது. நீ ஊருக்குப் போகும்போது மாடியில் வெறும் தொட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு, "மழை வந்ததும் எங்க காலேஜ் நதியா முட்டை கொண்டாருவா அத்தே, நீங்க தண்ணி மட்டும் பாத்துக்குங்க" என்றாய். தண்ணி மட்டுமாம். காலையில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வெயிலில் வைத்து மருந்து வாடை போக வேண்டும். பாதித் தொட்டிகளில் தினம் ஒரு சொம்பு மொண்டு எடுக்க வேண்டும், மீதித் தொட்டிகளில் குறைந்ததை நிரப்ப வேண்டும். மழைத் தண்ணீர் ஒரு சொட்டு விழக் கூடாது. கீரையை வேகவைத்துக் கசக்கிப் போட வேண்டும். உன் மாமா கீரைக் கடைசல் கேட்டால், தவளைக்குப் போக மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்குக் கோபம்தான். வரட்டும்.

தெருவில் கேட்கிறவர்களுக்கெல்லாம் நான்தான் விளக்கம் சொல்கிறேன். பாலாற்றுப் பள்ளத்தில் தேங்குகிற தண்ணீர் நாலு நாள் வெயில் அடித்தால் வற்றிவிடும். அங்கே பிறந்த தலைப்பிரட்டை அவசர அவசரமாகக் கால் முளைத்து, சுண்டு விரல் நகம் போல இருக்கும்போதே கரையேறிவிடும். பெரிய காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் வருஷம் முழுக்கத் தண்ணீர். அங்கே பிறந்தது சாவகாசமாகத் தின்று கொழுத்து வரும். இரண்டும் ஒரே சாதித் தவளை. அந்த அவசரம் பிறப்பிலேயே வந்ததா, தண்ணீர் குறைவதைப் பார்த்து வந்ததா? அதைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் எங்கள் வீட்டு மாடியில் ஒன்றாக வளர்க்கிறோம் என்று சொல்வேன். ரேஷன் கடையில்கூடச் சொல்லியாகிவிட்டது.

நதியா அளந்து எழுதியதெல்லாம் உனக்கு வந்திருக்கும். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தண்ணீர் நிறைய இருந்த தொட்டியிலும் ஆற்றுப் பிள்ளைகளுக்கு நிற்க நேரமில்லை. குளத்துப் பிள்ளைகள் வாலை ஆட்டிக்கொண்டு கீரை மென்றுகொண்டிருக்கும்போதே இவை காலை நீட்டி விளிம்பில் ஏறி உட்கார்ந்துவிட்டன. தண்ணீர் குறைந்த தொட்டியில் குளத்துப் பிள்ளைகளும் கொஞ்சம் வேகம் எடுத்தன, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஆற்றுக்காரர்களின் வேகம் வரவில்லை. ஆக, அவசரம் பிறப்பிலும் இருக்கிறது, தண்ணீரிலும் இருக்கிறது. உன் புரொபசர் சந்தோஷப்பட்டு, அங்கே எல்லார் முன்னாலும் உன்னைப் பேசச் சொல்லியிருக்கிறாராமே. லோகேஷ் சொன்னபோது எனக்குக் கழுத்து ஒரு சாண் நீண்டுவிட்டது.

சரி, இப்போது உப்புக்கு வருகிறேன். அன்று நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

உன் அம்மா வழக்கம்போல வெள்ளிக்கிழமை டவுன் பஸ் பிடித்து வந்தாள். மாடிக்குப் போய்த் தொட்டிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். என் பொண்ணு வளர்க்கிற பிள்ளைகள் என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பட்டம்மாள் தன் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க ஏறி வந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா? "உன் மருமவளுக்கு வயித்துல ஒண்ணு தங்கல, மாடில மட்டும் இத்தினி குட்டிங்க வளந்துக்கினு இருக்குதே காமாட்சி" என்றாள். அவள் பேரன் இடுப்பில் இருந்ததால் அடக்கமாகத்தான் திட்டினேன். இறங்கிப் போய்விட்டாள். இன்றுவரை அவளோடு எனக்குப் பேச்சு இல்லை.

நான் காபி போடக் கீழே வந்தேன். உன் அம்மாவும் பின்னாலேயே வந்து, என் சமையலறையிலிருந்தே ஒரு கை கல்லுப்பை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே போயிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. எல்லாத் தொட்டிக்கும் சேர்த்துத் திருஷ்டி சுற்றியிருக்கிறாள். சுற்றிய உப்பைத் தண்ணீரில் கரைக்க வேண்டும் இல்லையா, அதற்குத் தண்ணீர் தேடியிருக்கிறாள். சுவர் ஓரத்தில் தண்ணீர் குறைக்கிற ஆற்றுத் தொட்டி ஒன்று தனியாக இருந்தது. மேலே போடுகிற வலையைத் துவைத்துக் காயப் போட்டிருந்தேன். கையளவு ஆழம், கலங்கல் தண்ணீர், பிள்ளைகளெல்லாம் அடியில் சருகுக்குள். துணி அலசிக் கொட்ட வைத்திருக்கிற தண்ணீர் என்று நினைத்து அதில் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அத்தனையும் மல்லாந்து மிதக்கின்றன. நதியாவுக்குப் போன் செய்தேன், உடனே வண்டியில் வந்தாள். தண்ணீரைச் சோதித்து உப்பு என்று சொன்னாள். அந்தத் தொட்டியை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம், அதே மாதிரி வேறு தொட்டிகள் இருக்கின்றன, வேலைக்குப் பாதகமில்லை என்றும் அப்போதே சொன்னாள். நீ அந்தக் கடைசிப் பாதியைக் கேட்கவே இல்லை.

யாரும் உன் அம்மாவைக் காட்டிக் கொடுக்கவில்லை, காவேரி. கேள்விப்பட்டதும் ஓடி வந்து, லோகேஷ் போனை வாங்கி அவளேதான் உன்னிடம் சொன்னாள். நீ சொன்ன பதில் எனக்கும் கேட்டது, போன் ஸ்பீக்கரில் இருந்தது. "உன்ன யாரு தொடச் சொன்னது? இனிமே என் பொருள் எதுலயும் கை வைக்காத" என்றாய். ராத்திரி பகலாக உழைத்தவளுக்குக் கோபம் வரத்தான் செய்யும். அந்த நேரத்துக் கோபத்தை நான் குறை சொல்லவில்லை. மூன்று வாரம் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாயே, அதைத்தான் சொல்கிறேன்.

நீ போனை வைத்த பிறகு அவள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சீர், பலகாரம், யார் வீட்டு ரசம் நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு எதையும் பேசியதில்லை. அன்றைக்குத்தான் பேசினாள். "வளகாப்பு அன்னிக்கு உப்ப மடியில கட்டிக்கினுதான் வந்தேன் சம்பந்தி. காலேஜ்காரங்க முன்னாடி இதெல்லாம் வாணாம்மான்னு சொல்லிட்டா. சரின்னு வுட்டுட்டேன். அடுத்த மாசம் கொழந்த போச்சு. அன்னிக்கு வுட்டா மாதிரி இன்னிக்கும் வுட்டுடக் கூடாதுன்னு சுத்தினேன். இதுவும் போச்சு. என் கை பட்டா எதுவும் தங்காது" என்றாள்.

உப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். டாக்டர் அம்மா காரணத்தைச் சொன்னபோது நானும் அந்த அறையில்தான் நின்றேன். கொடி சுற்றிக்கொண்டதற்கு யார் என்ன செய்ய முடியும்? அதை அவளிடமும் சொன்னேன். தெரியும் சம்பந்தி என்றுதான் சொன்னாள். தெரிந்து என்ன பயன்? இரண்டு வருஷமாக இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். உன்னிடம் சொன்னால், வேண்டாம் என்று தடுத்த உன்மேல் பழி போடுகிற மாதிரி ஆகிவிடும் என்று பயம். எனக்கும் அந்தப் பேத்தி நினைப்பு வராத நாள் இல்லை. நானும் உன் முன்னால் பேசாமல்தான் இருந்தேன். இன்று எழுதிவிட்டேன். கோபம் வந்தால் என்மேல் காட்டு, உன் மாமாவிடம் வாங்கி வாங்கி எனக்குப் பழக்கம்.

ஒன்று கேட்கிறேன். முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிற தவளை உண்டு, முதுகில் சுமக்கிற தவளை உண்டு, மலையில் இலைமேல் முட்டையிட்டு, தலைப்பிரட்டையே இல்லாமல் நேராகத் தவளையாகவே பிறக்கிற சாதியும் உண்டு என்று நீதானே எனக்குச் சொன்னாய். இதில் நல்ல தாய், கெட்ட தாய் என்று கிடையாது அத்தை, ஒவ்வொன்றும் ஏன் அப்படிச் செய்கிறது என்றுதான் பார்க்க வேண்டும் என்றாய். ஊர் ஊராக இருக்கிற தவளைக்கெல்லாம் அந்த நியாயம் கொடுக்கிறாய். பொன்னியம்மாளுக்கு மட்டும் ஏன் இல்லை?

இப்போது அவள் இங்கே வருவதில்லை. நான்தான் போய்ப் பார்த்தேன். இளைத்திருக்கிறாள். "மீதி தொட்டிங்க நல்லா இருக்குதா" என்று மட்டும் கேட்டாள். தவளைகளைப் பிறந்த இடத்திலேயே விடப் போகிறோம், வா என்று வற்புறுத்திக் கூப்பிட்டேன். குளத்துப் பிள்ளைகளைக் குளத்தில் விட்டோம், அவள் வரவில்லை. ஆற்றுப் பக்கம் வந்தாள். நானும் நதியாவும் ஈர மணலில் ஒவ்வொன்றாக விடும்போது, "கிட்ட வந்து நீயும் ஒண்ணு வுடு" என்றேன். வரவில்லை. கரைமேலேயே, இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றாள். கடைசி ஒன்று குதித்துப் போகிறவரை கையை வெளியே எடுக்கவில்லை.

நேற்று நதியா வந்தாள். ஒரு வருஷ மழையை வைத்து முடிவு கட்டக் கூடாதாம், அடுத்த மழைக்கும் தொட்டி வைத்துப் பார்க்க வேண்டுமாம். நான் பார்த்ததுதான் திரும்பவும் வரும், எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். இருந்தாலும் வைப்போம். ஆனால் இந்த முறை எல்லாவற்றையும் நான் பார்க்க மாட்டேன். எனக்கு முட்டி வலி, குளத்துத் தொட்டிகள் போதும். ஆற்றுத் தொட்டிகளுக்கு வேறு ஆள் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ வழக்கமாகக் கூப்பிடுகிற நேரத்துக்கு அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்த ஞாயிறு கூப்பிடு. மன்னிப்புக் கேட்க வேண்டாம், வளைகாப்பைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். ஆற்றுப் பிள்ளைகளை அடுத்த மழைக்கு நீ வளர்த்துத் தர வேண்டும் அம்மா என்று மட்டும் கேள். மாட்டேன் என்பாள். என் கை வேண்டாம் என்பாள். உன் கைதான் வேணும்மா என்று சொல். நான் சொல்லிக் கொடுத்தேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம்.

நீ நன்றாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், உன் மடி நிறைய வேண்டும்.

என்றும் உன் நலம் கோரும் அத்தை,
மா. காமாட்சியம்மாள்