கழுகுக் கண்ணன் கண்ட கப்பல்

இதனால் சகல ஜனங்களுக்கும், குறிப்பாக எங்களுக்கு முன்பாகவே கிளம்பிப் போய்விட்ட உனக்கும் அறிவிப்பது என்னவென்றால்: சென்ற செவ்வாய்க்கிழமை காலை முதல் நான் மூக்குக்கண்ணாடி அணிந்துவருகிறேன். கறுப்புச் சட்டம். மூக்கின் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கிறது. வகுப்பில் எனக்குப் புலவர் களை வந்துவிட்டதாகப் பேச்சு. எதற்குடா கண்ணாடி என்று கேட்டவர்களிடம், எல்லாம் ஒரு அழகுக்குத்தான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் என் முகத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள்.

கண்ணாடியோடு, துடைப்பதற்கென்று ஒரு சின்ன மஞ்சள் துணியும் கொடுத்தார்கள். அந்த மஞ்சளைக் கையில் வாங்கியதும் உன் ஞாபகம் வந்தது. இன்று சாயங்காலம் அந்தத் துணியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரேஸ்புரம் கடற்கரைக்குப் போனேன். நாம் ஏறி நின்ற அந்த உடைந்த வள்ளம் இன்னும் அங்கேதான் குப்புறக் கிடக்கிறது. அடியில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. நம் ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த அளவுக்காவது வளர்ச்சி.

வளர்ச்சி என்றதும் அந்தப் பாடவேளை நினைவுக்கு வருகிறது. நம் நாடு ஒரு வளரும் நாடு என்று புத்தகத்தில் போட்டிருந்தது. நான் எழுந்து, “நானும் வளர்ற பையன்தான் சார், சட்டைதான் வருஷா வருஷம் சின்னதாப் போவுது” என்றேன். என்னை வெளியே நிறுத்தினார்கள். சத்தமாகச் சிரித்ததற்காக உன்னையும் நிறுத்தினார்கள். வேப்பமரத்தடியில் நின்றபடி நான் அடுத்ததை எடுத்துவிட்டேன்: பொருளாதாரம் என்கிறார்களே, அதில் பொருளும் இல்லை, ஆதாரமும் இல்லை. அதற்கு நீ சிரிக்கவில்லை.

“ஆதாரம் இருக்குலே. கப்பலப் பாத்தாத் தெரிஞ்சிரும்.”

உன் சித்தாந்தம் இரண்டே வரி. சரக்கு ஏற்றிய கப்பல் தண்ணீரில் அமுங்கும். அடிவயிற்றில் பூசிய சிவப்புச் சாயம் மறைந்துவிடும். காலிக் கப்பல் மிதந்து நிற்கும். சிவப்பு வெளியே தெரியும். அமுங்கி வந்து மிதந்து போகிற கப்பல் நமக்கு விற்க வந்தது. மிதந்து வந்து அமுங்கிப் போகிற கப்பல் நம்மிடம் வாங்கிப் போகிறது. இரண்டாவது வகை என்றைக்கு அதிகமாகிறதோ, அன்றைக்கு நாடு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். புத்தகத்தில் பதினெட்டுப் பக்கம் சொல்ல முடியாததை நீ மரத்தடியில் வெயில் விழாத இடத்துக்கு நகர்ந்துகொண்டே சொல்லி முடித்தாய்.

அன்று தொடங்கியதுதான் நம் பந்தயம். பள்ளி விட்டதும் வள்ளத்தின் முதுகில் ஏறிவிடுவோம். மேற்கேயிருந்து வெயில் கப்பலின் மேல் நேராக அடிக்கும் நேரம். கனமா, காலியா என்று முதலில் சரியாகச் சொன்னவனுக்கு வெற்றி. தோற்றவன் சைக்கிள் மிதிக்க வேண்டும். ஜெயித்தவன் கேரியரில் உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டு வரலாம். முதலில் சொன்னவன் ஜெயித்ததாகவே அன்றைக்கு வைத்துக்கொள்வோம்; தப்பென்று தெரிந்தால் மறுநாள் அவன்தான் மிதிக்க வேண்டும். தீர்ப்பு உன் அப்பா கையில் இருந்தது. பழைய துறைமுகத்தில் ஆழம் கிடையாது என்பதால் பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும்; தோணிகள்தான் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். உன் அப்பாவுக்குத் தோணியில் வேலை. எந்தக் கப்பலில் என்ன என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

நடுநிலையோடு எழுதுகிறேன்: அந்த ஒன்றரை வருஷத்தில் நான் தோற்றது மூன்றே முறை. நீ கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, நிதானமாக முடிவுக்கு வருவதற்குள் நான் “கனம்” என்று சொல்லிவிடுவேன். இரவு வீட்டில் உன் அப்பாவும் அதையேதான் சொல்வார். “உனக்குக் கழுகுக் கண்ணுலே” என்பாய். தெருவில் அதுவே என் பெயராயிற்று. தோற்ற மூன்று முறையில் ஒரு முறை நான் மிதித்தபோது, நெத்திலி காயப்போட்டிருந்த பாய்க்கு நடுவே சைக்கிளை விட்டு, பாய்க்குச் சொந்தக்காரியிடம் என் மூன்று தலைமுறைக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னேன். சைக்கிள் உன்னுடையது. நீ பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சிதறிய நெத்திலியைப் பொறுக்கிப் பாயில் போட ஆரம்பித்தாய்.

நாம் சண்டை போட்டது முத்து விஷயத்தில் ஒரு முறைதான். உன் அப்பா இளவயதில் முத்துக்குளித்தவர். ஆழத்தில் இடது காது போய்விட்டது. வெளிநாட்டுக்கு விற்கிற நாடுதான் உயரும் என்று நீ ஓயாமல் சொல்லவும் எனக்கு வாய் அரித்தது.

“உங்கப்பா ஒரு காதக் குடுத்து எடுத்த முத்து எந்தச் சீமாட்டி காதுலயோ தொங்குது. இதுல ஆருலே ஒசந்தது?”

நீ வழி முழுக்கத் திரும்பிப் பார்க்காமல் மிதித்தாய். சொல்லியிருக்க வேண்டாம் என்று கேரியரில் இருந்த எனக்கே தோன்றியது. ஆனால் இறங்கி மிதிக்கும் அளவுக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலை பிரேயருக்கு வரிசையில் நிற்கும்போது, முன்னால் பார்த்தபடியே பதில் சொன்னாய்.

“கெடந்தத எடுத்து வித்தா அப்பிடித்தாம்லே. செஞ்சு விக்கணும்.”

“நம்ம ஊர்லயிருந்து போறது உப்பு. அதுவும் கெடக்குததுதான?”

“இன்னைக்கி உப்பு. நம்ம பிள்ளைக காலத்துல மெஷினு போவும், பாரு.”

மொதல்ல உனக்கு எவன் பொண்ணு குடுக்கான்னு பாப்போம் என்றேன். பிரேயர் ஆரம்பித்துவிட்டது.

பிறகு புதுத் துறைமுகம் வந்தது. அங்கே கப்பல் கரைச்சுவரை ஒட்டியே வந்து நிற்கும். அப்படியானால் தோணி எதற்கு என்பது உன் அப்பாவின் கேள்வி. வீட்டில் அந்தப் பேச்சு வந்தாலே அவர் இடது பக்கத்தை, கேட்காத காதை, நம் பக்கமாகத் திருப்பிக்கொள்வார். அவருடைய நல்ல காது என் பக்கமாக இருந்த ஒரு சமயத்தில் என்னிடம் சொன்னார்: “ஒன் கூட்டாளிட்ட சொல்லுப்பா. நாடு மேல போறப்ப வீட்டையும் கூடக் கூட்டிட்டுப் போவச் சொல்லு.” நீ விடவில்லை. வீடும் நாட்டுக்குள்ளதானப்பா இருக்கு என்றாய். காது திரும்பிவிட்டது.

வெளியே வந்ததும் எனக்கு மட்டும் விளக்கினாய். புதுத் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் காலியாகவே போனால், வருவதை இறக்கும் வேலையோடு முடிந்தது. அதைப் பாரந்தூக்கியே பார்த்துக்கொள்ளும். கனத்துப் போனால், ஏற்றுவதற்கு ஆள் வேண்டும். அப்பாவுக்கு அங்கே இடம் உண்டு. அதுவரைக்கும் நாட்டைப் பற்றித்தான் உனக்குக் கவலை என்று நினைத்திருந்தேன். நீ அப்பாவுக்காகக் கப்பல் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்தச் சமயம் பார்த்து உனக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பத்தியம் வைத்தார்கள், ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். நான் பார்க்க வந்தபோது உன் கண் இரண்டும் மஞ்சளாக இருந்தது. நாட்டுக்குத் தங்க இருப்பு குறையுதுன்னா இனி உன்னையத்தான் வந்து கேப்பாவ என்றேன். நீ சிரித்தாய். உன் அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார்கள்.

புதுத் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு கப்பல் சனிக்கிழமை சாயங்காலம் கிளம்புகிறது என்று யாரோ உனக்குச் சொல்லியிருந்தார்கள். அது எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டும். உன்னால் எழுந்து உட்கார முடியவில்லை.

“நீ போய்ப் பாத்துட்டு வாலே. உனக்குத்தான் கழுகுக் கண்ணு.”

போனேன். பஸ்ஸில்தான் போனேன். வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே வந்திருந்தது. எல்லோரையும் வேலிக்கு வெளியே வெகுதூரத்தில் நிறுத்திவிட்டார்கள். கப்பல் கிளம்பியது. திரும்பி நேராக உன் வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் உன் கட்டிலருகே குனிந்து சொன்னேன்: கனம். சிவப்பு நாலு விரற்கடைகூடத் தெரியவில்லை.

“என்ன சரக்கு?” குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். உன் அப்பா கேட்கிற வலது காதை நம் பக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

“மெஷினு மாமா. பெட்டி பெட்டியா.”

நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். “அதுக்குள்ளயா?” என்றாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டாய். முகம் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை உன் அப்பா புதுத் துறைமுகத்துக்கு வேலை கேட்கப் போனார். அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து மணி அடித்தபோது நீ இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. வராததை எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

நாட்டு நிலவரம் சொல்கிறேன். தோணிகள் குறைந்திருக்கின்றன, அடியோடு போய்விடவில்லை. உன் அப்பாவுக்குப் புதுத் துறைமுகத்தில் ஏற்றுகிற வேலைதான். போகிறது பெரும்பாலும் உப்பு. வருவதில் கோதுமை உண்டு, உரம் உண்டு, பேர் தெரியாததும் உண்டு. போன மாதம் கடைத்தெருவில் அவர் என்னை நிறுத்தினார்.

“அன்னைக்கி நீ பாத்த கப்பலு பேரு என்னப்பா? நானும் போயி இவ்வளவு நாளாச்சு. ஒரு மெஷினு பெட்டியும் ஏத்துனதில்லயே.”

“பேரு அந்தப் பக்கமா எழுதியிருந்துச்சு மாமா.”

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி இடது காதை என் பக்கம் வைத்துக்கொண்டார்.

சரி. கண் டாக்டர் சுவரில் தொங்கும் அட்டையைக் காட்டி, முதல் வரியில் உள்ள பெரிய எழுத்தை வாசி என்றார். நான், அட்டை எங்கே சார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எத்தனை வருஷமாக இப்படி என்று கேட்டார். கழுகுக் கண்ணனுக்கு நான்காம் வகுப்பிலிருந்தே கரும்பலகை தெரியாது. வள்ளத்தின் மேல் நின்றபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதுதான். கப்பலென்று நீ காட்டிய இடத்தில் ஓர் அழுக்குப் பொட்டு இருக்கும். சிவப்பை நான் கண்டதே இல்லை. ஆனால் நீ பக்கத்தில் நின்றாய். ஒரு முழத் தூரம். போகிற கப்பல் கனமென்றால் உன் கீழுதடு உள்ளே மடங்கும், காலியென்றால் மூக்கு சுருங்கும். அதை வாசித்துச் சொல்லிவிட்டு, நீ வாய் திறக்குமுன் கேரியரில் ஏறிக்கொண்டேன். ஒன்றரை வருஷம் என்னைச் சுமந்து மிதித்தாய்.

அந்தச் சனிக்கிழமை வேலியோரத்தில் பக்கத்தில் நீ இல்லை. கப்பல் கிளம்பியதே கூட்டம் போட்ட சத்தத்தில்தான் எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்றவர்களிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காலி என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வது?

இன்றைக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வள்ளத்தின் மேல் ஏறிப் பார்த்தேன். தூரத்தில் ஒரு கப்பல் தெற்கே போனது. சிவப்பு தெரிந்தது, நிறையவே தெரிந்தது. காலி. முதல் முறையாக என் சொந்தக் கண்ணால் பார்த்து, உள்ளதை உள்ளபடி உனக்குச் சொல்கிறேன். இனி ஒவ்வொரு வாரமும் போவேன், பார்த்ததை மட்டும் சொல்வேன். ஆனால் அந்தச் சனிக்கிழமைக் கப்பல் கனமா, காலியா என்று மட்டும் இன்னும் எனக்குத் தெரியாது. கட்டிலருகே குனிந்து கனம் என்று சொன்னபோது உன் கீழுதடு உள்ளே மடங்கியது. நான் வழக்கம்போல அதைப் பார்த்து நம்பிவிட்டேன்.